முற்றாத பாகு

அம்மா வேலை செய்யும் பட்டறையில் பாகு பதம் பார்ப்பது அவள் பொறுப்பு. தாராவியில் எங்கள் சந்திலிருந்து இரண்டு சந்து தள்ளி, தகரக் கூரை வேய்ந்த நீளமான ஓர் அறையில் கடலைமிட்டாய் போடுகிறார்கள். வெல்லம் கொதித்து நுரைக்கும்போது அம்மா ஒரு சொட்டைக் குளிர்ந்த தண்ணீரில் விடுவாள். உறைந்த துண்டை எடுத்துத் தட்டின் விளிம்பில் தட்டுவாள். டங்கென்று ஒலி வந்தால்தான் கடலை உள்ளே விழும். ஒலி வராத பாகை ஊற்றினால் மிட்டாய் தாளோடு ஒட்டிக்கொள்ளும்; கடைக்காரர்கள் மூட்டையோடு திருப்பி அனுப்புவார்கள். மழை மாதங்களில் காற்றே ஈரமாக இருப்பதால் பாகு இன்னும் சற்று முற்ற வேண்டும். பதினொரு ஆண்டுகளாக அவள் கைக்குப் பதம் தப்பியதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தச் சனிக்கிழமை அவள் செய்ததைத் தவறு என்று யாரும் எண்ணிவிடக் கூடாது.

நான் மாட்டுங்காவில் ஒரு கல்லூரியில் ஆங்கில இலக்கியம் முதுகலை படிக்கிறேன். எங்கே வீடு என்று கேட்பவர்களிடம் சயான் என்று சொல்வது என் வழக்கம். அது முழுப் பொய்யும் இல்லை. சயான் ஸ்டேஷனில்தான் இறங்குகிறேன். இறங்கி எந்தப் பக்கம் நடக்கிறேன் என்பதை மட்டும் சொல்வதில்லை.

வகுப்பில் எங்களுக்கு ஒரு சிறு வட்டம் உண்டு, நான்கு பேர். மாதம் ஒருமுறை ஒருவர் வீட்டில் கூடி, படித்ததைப் பேசுவோம். ஆளுக்கு ஒரு தின்பண்டம் கொண்டுவர வேண்டும், அதையும் தம் கையாலேயே செய்திருக்க வேண்டும் என்பது விதி. என் வீட்டில் மட்டும் கூட்டம் நடந்ததில்லை. தின்பண்டத்திலும் நான் விதியை மீறிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் கடையில் வாங்கிய பிஸ்கட்டைத் தட்டில் அடுக்கி வைப்பேன். செம்பூர்த் தோழி ஒருநாள் கேட்டுவிட்டாள்.

"நீ எப்பப் பார்த்தாலும் பாக்கெட்டோட வரே. உங்காத்துல அடுப்பே கெடையாதாடீ?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் கேலியில் நஞ்சு இல்லை. ஆனால் அதற்குமேல் ஒரு முறை பிஸ்கட்டோடு போனால், அடுத்த கேள்வி என் வீட்டைப் பற்றியதாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

"அடுத்த தடவை காரமெல் பாப்கார்ன் செஞ்சு கொண்டு வரேன்" என்றேன்.

"மொறுமொறுன்னா, ஸாஃப்டாவா?"

"ஸாஃப்டாத்தான்."

மென்மையான காரமெல் பாப்கார்னை, முன்பு ஒரு கூட்டத்துக்கு இன்னொரு தோழி செய்து கொண்டுவந்தபோதுதான் முதன்முதலில் தின்றிருந்தேன். கடித்தால் உடையாது. பொரி நாக்கில் அமுங்கும். பாகு பல்லில் ஒரு கணம் ஒட்டி, பிறகு விட்டுவிடும். அப்படி ஒரு பாகு வேண்டுமென்றே செய்யப்படும் என்பதே எனக்குப் புதிதாக இருந்தது.

அடுத்த கூட்டம் செம்பூரில் அவள் வீட்டில், ஒரு சனிக்கிழமை மாலை. நான்கு வீடியோக்கள் பார்த்துக் குறிப்பெடுத்தேன். வெண்ணெய், நாட்டுச் சர்க்கரை, கண்டென்ஸ்டு மில்க், ஒரு சிட்டிகை உப்பு. சனிக்கிழமை மதியம் அம்மா பட்டறையில் இருந்தாள். குக்கர் மூடியை வெறுமனே கவிழ்த்துவைத்துச் சோளத்தைப் பொரித்தேன். பொரியாத மணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தேன். பிறகு சிறு தீயில் பாகு. கைவிடாமல் கிளறி, ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டேன். விரலால் உருட்டினால் உருண்டது; விட்டால் தளர்ந்து படிந்தது. நான் தேடிய பதம் அதுதான். அடுப்பை அணைத்தேன்.

பொரியைக் கலக்க வேண்டிய நேரத்தில் சந்தில் குரல் கேட்டது: "தண்ணி வந்துட்டு!" அன்றைக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டது. தண்ணீரை விட்டால் மறுநாள்வரை இல்லை. பாகை மூடிவைத்துவிட்டு, திரும்பி வந்து இளஞ்சூட்டில் இளக்கிக் கலந்துகொள்ளலாம் என்று குடங்களோடு போனேன். வரிசையில் அரைமணி நேரம் ஆயிற்று.

வந்து பார்த்தபோது அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் பெரிய தாம்பாளம். அதில் வரிசை வரிசையாக என் சோளப்பொரி உருண்டைகள், ஒன்றுபோல ஒன்று. கையில் அரிசிமாவு தடவிக்கொண்டு கடைசி உருண்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். உள்ளங்கைகள் சூட்டில் சிவந்திருந்தன.

"ஏட்டி, பாகைப் பாதியில எறக்கி வச்சுட்டுத் தண்ணிக்குப் போயிருக்க? தொட்டா நூலு நூலா இழுக்கு. நல்லவேளை, இன்னைக்கு வெரசா விட்டாவ, வந்தேன்."

"அம்மா, அது அப்படித்தான் இருக்கணும்."

"எப்படி, பிசுபிசுன்னா? மழ நேரத்துல நீ பஸ் ஏறுததுக்குள்ள ஒழுகிரும். ரெண்டு அச்சு வெல்லம் தட்டிப் போட்டு முறுக்க வச்சுட்டேன். சுக்கும் ஏலக்காயும் போட்டிருக்கு."

"மெத்துன்னு இருக்கணும்மா."

"மெத்துன்னு இருக்க அது என்ன இட்லியா?" தன் பேச்சுக்குத் தானே சிரித்தாள்.

நான் குரலை உயர்த்தவில்லை. எனக்கு உயர்த்தத் தெரியாது. "அவங்க இதெல்லாம் திங்க மாட்டாங்க" என்றேன்.

"ஏன், பல்லு இல்லியா அவியளுக்கு?" என்று தொடங்கியவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். மாவுக் கையைத் துடைத்தபடி, "கொண்டுதான் போயேன். ஆளுக்கொண்ணு குடு. எங்கம்மா பிடிச்சதுன்னு சொல்லு" என்றாள்.

உருண்டைகளை எவர்சில்வர் டப்பாவில் அவளே அடுக்கினாள். பஸ்ஸில் என் மடியில் டப்பா வெதுவெதுப்பாக இருந்தது. மூடியையும் மீறிச் சுக்கு மணத்தது. எங்கள் வீட்டில் கார்த்திகைக்கு மணப்பதுபோல் மணத்தது. அந்த மணம் தோழி வீட்டுக் கூடத்தில் பரவுவதை எண்ணிப் பார்த்தேன். யார் செய்தது என்று கேட்பார்கள். அம்மா என்பேன். இவ்வளவு நேர்த்தியாக எப்படி என்பார்கள். அவள் வேலையே அதுதான் என்பேன். எங்கே என்பார்கள். செம்பூர் வருவதற்குள் இந்த உரையாடலை நான் மூன்று முறை முடித்துவிட்டிருந்தேன். மூன்று முறையும் அது தாராவியில்தான் முடிந்தது.

ஸ்டேஷன் பக்கத்துக் கடையொன்றில் காரமெல் பாப்கார்ன் பாக்கெட்டுகள் தொங்கின. மென்மையான வகை என்று அச்சிட்டிருந்தது. இரண்டு வாங்கினேன். சாத்தியிருந்த ஒரு கடையின் படுதாவுக்குக் கீழே நின்று, அம்மாவின் உருண்டைகளைத் துணிப்பைக்கு மாற்றி, பாக்கெட்டுகளைப் பிரித்து டப்பாவில் கொட்டினேன். கவனமாக, சிந்தாமல் செய்தேன் என்பதை எழுதியாக வேண்டும். காலி உறைகளை மடித்து என் பையின் உட்பையில் செருகினேன், குப்பைத்தொட்டியில் யாரும் பார்த்துவிடக் கூடாது என்று.

துணிப்பையைத் தோழி வீட்டுக் கட்டடத்து வாட்ச்மேனிடம் நீட்டினேன். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "கர் கா ஹை?" என்றார். வீட்டில் செய்ததுதான் என்று தலையாட்டினேன்.

மேலே, டப்பாவைத் திறந்ததும் தோழி கூவினாள். "அடிப்பாவி, நெஜமாவே பண்ணிட்டியே!"

அவள் அம்மா சமையலறையிலிருந்து வந்து நாலைந்து பொரியை வாயில் போட்டுக்கொண்டார். "ரொம்ப நன்னா வந்திருக்கே! நான் பண்ணினா ஒவ்வொரு தடவையும் கல்லாப் போயிடறது. எப்படிப் பண்ணினே, சொல்லேன்."

சொன்னேன். எவ்வளவு வெண்ணெய், எத்தனை நிமிடம், சொட்டு தண்ணீரில் எப்படிப் படிய வேண்டும், எப்போது அடுப்பை அணைக்க வேண்டும். எல்லாம் சரியான விவரங்கள். அவர் ஒரு பென்சிலை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

"அம்மாகிட்டக் கத்துண்டியா?"

"இல்ல ஆன்ட்டி. வீடியோ பார்த்துத்தான்."

"அம்மா வேலைக்குப் போறாளா?"

"இல்ல. வீட்டுலதான் இருக்காங்க."

யாரும் என்னை வற்புறுத்தவில்லை. அந்தக் கேள்வியில் உள்நோக்கம் எதுவும் இல்லை. அவர் பென்சிலை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். எங்கள் பேச்சு புத்தகத்துக்குத் திரும்பியது. அன்று நான் நன்றாகவே பேசினேன் என்று நினைவு.

வீட்டில் அம்மா டப்பாவை வாங்கிக் குலுக்கிப் பார்த்தாள். "காலியா! அம்புட்டையும் தின்னுட்டாவளா?"

"ம்."

"கடிக்க முடிஞ்சுதாமா?"

"நல்லா இருந்துச்சுன்னாங்க."

டப்பாவைக் கழுவும்போது அவள் தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை மழையில் என் பை முழுக்க நனைந்துவிட்டது. புத்தகங்களை வேறொரு பையில் போட்டுக்கொண்டு மறுநாள் கல்லூரிக்குப் போனேன். நனைந்த பையை அம்மா கவிழ்த்து உதறிக் காயப்போட்டிருக்கிறாள். மாலையில் வந்து பார்த்தபோது, என் புத்தகங்கள் வைக்கும் பலகையில் இரண்டு உறைகளும் நீவி, மட்டமாக்கி வைக்கப்பட்டிருந்தன. வேண்டிய காகிதமோ என்று எண்ணி எடுத்துவைத்தாளா, நான் பார்க்கட்டும் என்று வைத்தாளா என்பது எனக்கு இன்றும் தெரியாது.

"கவர் அடியில ரெண்டு பொரி ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. தின்னு பார்த்தேன்" என்றாள். பிறகு, "இப்படி வேணும்னு எனக்குத் தெரியலட்டி" என்றாள்.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் எனக்குப் பதில்கள் இருந்தன. அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அந்த உருண்டையக் குப்பையில போட்டுரலல்ல?"

"இல்லம்மா. அந்த பில்டிங் வாட்ச்மேனுக்குக் குடுத்தேன்."

"ஆங். அவராவது தின்னாரே."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளே வெண்ணெய் வாங்கிவந்தாள். சோளத்தை என்னைப் பொரிக்கச் சொல்லிவிட்டு அடுப்பின் முன் நின்றாள். கண்டென்ஸ்டு மில்க் டப்பாவின் மேல் எழுதியிருந்ததை என்னை இரண்டு முறை வாசிக்கச் சொன்னாள். சொட்டைத் தண்ணீரில் விட்டாள். அது தளர்ந்து படிந்தது. அதை எடுத்தவள் கை, பழக்கத்தில், தட்டின் விளிம்புவரை போய் நின்றுவிட்டது. தட்டுவதற்கு அதில் ஒன்றும் இல்லை.

"போதுமா?" என்று என்னைக் கேட்டாள்.

"போதும்."

"நெசமாவா? பச்சையால்லா இருக்கு."

"போதும்மா."

அணைத்தாள். அரைமனதாக அணைத்தாள். பொரியைக் கலந்து, ஆறியதும் ஒன்று தின்று பார்த்து, முகத்தில் எதையும் காட்டாமல் டப்பாவில் நிரப்பினாள். "அந்தப் பிள்ளைகளுக்குக் கொண்டு குடு" என்றாள்.

திங்கட்கிழமை கேன்டீனில் டப்பாவைத் திறந்தேன். தோழி ஒரு கை அள்ளினாள். "போன தடவையவிட இதுதான் டாப்! என்ன மாத்தினே?"

எங்கம்மா செஞ்சது என்று சொல்ல இரண்டே சொல் போதும். ஆனால் அந்த இரண்டு சொல்லைச் சொன்னால், போன தடவை கொண்டுவந்தது எது என்பதையும் சொல்ல வேண்டும். வீட்டில் இருப்பதாகச் சொன்ன அம்மாவை மறுபடி பட்டறைக்கு அனுப்ப வேண்டும். சயானில் இறங்கி எந்தப் பக்கம் நடக்கிறேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

"வெண்ணெயைக் கொஞ்சம் குறைச்சேன்" என்றேன்.

அன்று மாலை அம்மா காலி டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். "யாரு செஞ்சதுன்னு கேட்டாவளா?"

"நான் செஞ்சதா நெனச்சுக்கிட்டாங்க."

"நீ ஒண்ணும் சொல்லலியா?"

"இல்ல."

வெளியே யாரோ சந்தில் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பிப் போனதும் அவள் டப்பாவை மூடினாள்.

"சரி, பாதி நெசந்தான. சோளம் நீதான பொரிச்ச" என்றாள். பிறகு, கையில் பட்ட காயத்தைப் பற்றிச் சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னாள்: "இனிமே இது என்கிட்டக் கேக்காத, என்னா. இன்னைக்குப் பட்டறையில ஒரு கடாயை முன்னாலேயே எறக்கப் பார்த்தேன். சொட்டைத் தட்டுனா சத்தம் வரல, ஆனா கை எறக்கிருவோம்ங்குது. பக்கத்துல நின்னவ புடிச்சுக்கிட்டா. இந்தப் பதத்தப் பழகினா என் கை கெட்டுப் போவும்."

சரி என்றேன். இந்தப் பதத்தை நான் அவளிடம் கேட்கவே இல்லை. நான் சொன்ன பொய்க்காகத்தான் அவள் பதினொரு ஆண்டுப் பழக்கத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை விட்டுக்கொடுத்தாள். அதையாவது அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லாமல் டப்பாவை வாங்கிக் கழுவப் போனேன்.

தோழிகளிடம் இன்னும் சொல்லவில்லை. அடுத்த கூட்டத்துக்கும் அதையே கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். இதை நான் தமிழில் எழுதுகிறேன். வகுப்புக் கட்டுரைகள் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எழுதுபவள், இதை மட்டும் ஏன் முனிசிபல் பள்ளியில் கற்ற எழுத்தில் எழுதுகிறேன் என்று முதல் பக்கத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அவர்கள் மூவருமே வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள்தான். ஆனால் ஒருவருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது.

அம்மாவுக்குத் தெரியும். எழுத்துக் கூட்டி, மெதுவாகப் படிப்பாள்.