ஊற்று காட்டியவர் வீடு

எங்கள் ஊர் ஆற்றுத்துறையில் ஒரு தகவல் பலகை வைக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. இந்தப் பக்கம் வருகிறவர்கள் செஞ்சிக்கோட்டை ஏறுவார்கள், திருவக்கரையில் அம்மனைக் கும்பிட்டுவிட்டுக் கல்மரம் பார்ப்பார்கள். மணலும் வேலிக்காத்தான் முள்ளும் தவிர ஒன்றுமில்லாத சங்கராபரணித் துறைக்கு யார் வரப்போகிறார்கள் என்று நினைத்தேன். நான் எரிச்சல்பட்டதற்கு வேறு காரணமும் இருந்தது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

வெள்ளைக்காரன் காலத்தில் எங்கள் ஆற்றைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்தால் பிரெஞ்சுக்காரன் எல்லை. இங்கே போலீஸ் தேடினால், போராட்டக்காரர்கள் ஆற்றில் இறங்கி அங்கே போய்விடுவார்கள். இந்தப் பக்கத்துப் போலீஸ் எல்லையில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். அப்படிக் கடந்தவர்களில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் உண்டு. கோடைகாலத்தில், கையில் துண்டறிக்கை மூட்டையோடு, வறண்ட ஆற்றைக் கடந்தார். நடுவில் தாகம் எடுத்து மணலைத் தோண்டித் தண்ணீர் குடித்தார். எங்கள் பக்கத்தில் ஊற்று தோண்டியவர் அதை மூடமாட்டார். அடுத்து வருகிறவர் குடிக்கட்டும் என்று திறந்தே விட்டுப் போவார். போலீஸ் துரத்தும்போதும் அந்த மனிதர் பழக்கத்தை விடவில்லை. ஈர மணலும் குழியுமாகத் தடயத்தை விட்டுவிட்டுப் போனார்.

அப்போது ஊர்த் தலையாரி என் தாத்தா. ஊர்க்காவல் அவர் வேலை. போலீஸ் வந்து கேட்டதும் அவர்தான் ஊற்றைக் காட்டினார், அதை வைத்துத்தான் அந்தத் தியாகியைப் பிடித்தார்கள் என்பது ஊர்க்கதை. தியாகியும் சுதந்திரத்துக்குப் பிறகு மேடைகளில், "என்னை ஆற்றில் வைத்துப் பிடித்தார்கள்" என்றுதான் பேசியிருக்கிறார். யார் காட்டியது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லாததை ஊர் சொல்லிக்கொண்டது. எங்கள் வீட்டுக்கு "ஊத்து காட்டுனவன் வூடு" என்று பெயர் வந்தது. என் அக்காவுக்குப் பார்த்த முதல் வரன் இந்தப் பெயரால்தான் தட்டிப்போனது. நான் திண்டிவனத்தில் முப்பது வருஷம் வரலாறு நடத்தினேன். விடுதலைப் போராட்டப் பாடம் வந்தால் தண்டி வரைக்கும் போவேனே தவிர, பத்து மைல் தள்ளியிருக்கும் என் ஊர் ஆற்றைப் பற்றி வாயைத் திறக்கமாட்டேன்.

அப்படியிருக்க, பஞ்சாயத்துத் தலைவி ஒருநாள் ஸ்கூட்டியில் வந்து இறங்கினார்.

"சார், போர்டுக்கு ஒரு பத்து வரி எழுதிக் குடுங்க. ஜல்தியா வேணும், ஆபீஸ்ல கேட்டுக்கினே இருக்காங்க."

"வேற யாருகிட்டயாவது கேளேம்மா."

"ஊர்ல ஹிஸ்டரி படிச்சவரு நீங்க ஒருத்தருதான சார்," என்றவர், குரலைத் தாழ்த்தி, "ஊர்ல இன்னா பேசிக்கறாங்கன்னு எனக்கும் தெரியும். வேற ஆளு எழுதினா அதையும் சேர்த்து எழுதிடுவான். அதான் உங்ககிட்ட வந்தேன்," என்றார்.

நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. தாத்தாவைச் சேர்த்து எழுதினால் எங்கள் அவமானம் இரும்புப் பலகையில் ஏறி நிற்கும். விட்டுவிட்டு எழுதினால், வாத்தியார் தன் தாத்தாவை மறைத்துவிட்டார் என்பார்கள். அது உண்மையாகவும் இருக்கும். நாலு நாள் எழுதி எழுதிக் கிழித்தேன். அப்பாவுக்கு எண்பத்து நாலு வயது. ஜன்னலோரக் கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. அவருடைய சாப்பாடு மட்டும் குறைந்துகொண்டே போனது.

ஐந்தாம் நாள் காலையில் பஸ் ஏறி, பழைய பிரெஞ்சு எல்லைக்குள் இருந்த திருக்கனூர் போனேன். தியாகியின் மகள் அங்கேதான் இருக்கிறார் என்று தலைவி சொல்லியிருந்தார். அவரிடம் கேட்டுவிட்டு, அவர் சொல்கிறபடி எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன். வழியெல்லாம் என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று பேசிப் பார்த்துக்கொண்டே போனேன். பக்கத்து சீட்டுக்காரர் ஒருமாதிரி பார்த்துவிட்டு எழுந்து முன்னால் போய் உட்கார்ந்தார்.

அந்த அம்மாவுக்கும் எண்பது இருக்கும். வாசலில் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தார். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே சொல்லிவிட்டேன்.

"அம்மா, உங்க அப்பாவ காட்டிக் குடுத்த தலையாரியோட பேரன் நான். போர்டுல இன்னா எழுதணும்னு உங்கள கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

அவர் கையில் இருந்த மல்லாட்டையை முறத்தில் போட்டார்.

"எங்கப்பாவ யாருப்பா காட்டிக் குடுத்தாங்க?"

"எங்க தாத்தா. ஆத்துல, ஊத்த காட்டி."

"ஆத்துலயா? அவரு ஆத்தத் தாண்டி இந்தப் பக்கம் வந்து ரெண்டு நாளு நல்லாத்தான் இருந்தாரு. அவர புடிச்சது விழுப்புரத்துல."

அப்போதுதான் செருப்பைக் கழற்றினேன். உட்காரச் சொல்லிவிட்டு அவரே சொன்னார். தியாகிக்கு நாக்கு ருசி அதிகமாம். புதுச்சேரிப் பக்கத்துக் காபி வாயில் வைக்க விளங்கவில்லையாம். மூன்றாம் நாள் ரயிலேறி, மறுபடி வெள்ளைக்காரன் எல்லைக்குள் விழுப்புரம் போய், ஜங்ஷன் எதிரில் இருந்த காபி கிளப்பில் உட்கார்ந்துவிட்டார். அங்கே சாப்பிட வந்த போலீஸ்காரர் ஒருவர் அவரை அடையாளம் கண்டுகொண்டார்.

"ஒரு தோசையோட எழுந்து வந்திருந்தா தப்பிச்சிருப்பாரு தம்பி. ரெண்டாவது தோச சொல்லிட்டு உக்காந்துக்கினு இருந்திருக்காரு. இன்னிக்கும் எங்க வூட்டுல யாராவது ரெண்டாவது தோச கேட்டா, பாத்துக்கோ, போலீஸ் வரும்னுதான் சொல்லுவோம்."

"அப்ப மேடையில ஆத்துல புடிச்சாங்கன்னு சொன்னாரே?"

"பின்ன, தோச துன்னும்போது புடிச்சாங்கன்னா சொல்லுவாரு?" என்று சொல்லிவிட்டு அவர் சிரித்தார். பிறகு சட்டென்று சிரிப்பு நின்றுவிட்டது. "அதனால ஒரு குடும்பத்துக்கு இப்பிடி ஒரு பேரு வந்துதுன்னு சத்தியமா எங்களுக்குத் தெரியாதுப்பா. உள்ளத உள்ளபடி எழுது. ஏழு மாசம் ஜெயில்ல இருந்தாரு இல்ல, ஒரு தோசையில அதெல்லாம் கொறஞ்சிடாது."

நான் முகத்தைத் துடைப்பதுபோல் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். தாத்தா ஊற்றைக் காட்டினாரா இல்லையா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. கண்ணெதிரே கிடக்கும் குழியைப் பற்றிப் போலீஸ் கேட்டால் தலையாரி என்ன செய்வார்? காட்டியும் இருக்கலாம். ஆனால் அதனால் ஒருவரும் மாட்டவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டம் நெரிந்தது. யாரோ என் காலை மிதித்தார், நான் சிரித்தேன். முதுகில் இருந்து நெல் மூட்டையை இறக்கி வைத்ததுபோல் இருந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பாவின் கட்டிலில் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் சொன்னேன். தோசைக் கட்டம் வந்தபோதுகூட அவர் சிரிக்கவில்லை.

"அப்ப எங்கப்பா காட்டிக் குடுக்கலியா?"

"காட்டினாரா இல்லியான்னு தெரியாதுப்பா. ஆனா அவரால யாரும் ஜெயிலுக்குப் போவல."



"சாவற வரைக்கும் எம்பக்கத்துலதான்டா படுத்துக்கினு இருந்தாரு," என்றார் அப்பா. "ஊரு சொல்லிச்சி, நானும் நம்பிக்கினு இருந்துட்டேன். நெசமாப்பான்னு ஒரு வார்த்த அவர கேட்டதில்ல."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். பிறகு காலைக் கீழே தொங்கவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பசிக்குது. சோறு போடச் சொல்லு," என்றார்.