கணினி தெரியும் என்பதற்கு ஒரு சான்று

எனக்குக் கணினி தெரியும் என்பதில் பதினெட்டு வருடங்களாக யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. தூத்துக்குடி துறைமுகச் சாலையில் ஒரு கண்டெய்னர் யார்டு. அங்கே பில் அடிக்கப் போனவன் நான். படித்தது பி.ஏ. தமிழ். ஒருநாள் பிரிண்டர் நின்றுபோனபோது அதன் மூடியைத் திறந்து பார்க்கும் துணிச்சல் அந்த அறையில் எனக்கு மட்டும் இருந்தது. அன்றோடு பில் போயிற்று. எடைமேடைக் கணினி, கேட் கேமரா, மேலாளர் மகளின் லேப்டாப் என்று எது கண்ணை மூடினாலும் என்னைத் தேடி ஆள் வந்தது.

பிறகு கம்பெனி கைமாறியது. புதிய நிர்வாகம் சென்னையிலிருந்து வீடியோவில் பேசியது. என்னைவிட இருபது வயது இளைய மேலாளர், மிகுந்த மரியாதையோடு, என் கோப்பில் கணினி சம்பந்தமாக ஒரு காகிதம்கூட இல்லை என்றார். தேடியதில் அவருக்குக் கிடைத்தது தமிழ்ப் பட்டமும் டைப்ரைட்டிங் லோயரும்தான். மூன்று மாதத்துக்குள் ஆரம்பநிலை ஐ.டி. சர்ட்டிபிகேட் ஒன்று வாங்கிவிட்டால் வேலை எனக்கே. இல்லையென்றால் வெளி நிறுவனத்துக்குக் காண்ட்ராக்ட் போய்விடும். ஆரம்பநிலை என்ற சொல்லை அவர் கொஞ்சம் தாழ்ந்த குரலில் சொன்னார். நல்ல மனிதர்.

படித்தேன். நாற்பத்தேழு வயதில், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கும் மூக்குக்குமாக ஏற்றி இறக்கி. நான் தினமும் கையால் செய்துகொண்டிருந்த ஒவ்வொன்றுக்கும் புத்தகத்தில் ஒரு பெயர் இருந்தது. பெயர் தெரியாமலே இத்தனை காலம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். தெரிந்த வேலைக்குப் பரீட்சை எழுதும் ஆள் எங்கள் தெருவிலேயே நான் ஒருத்தன்தான் என்று மனைவி பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள். அதில் பாதி கேலி, பாதி பயம். யார்டை விட்டால் எனக்கு வேறு இடம் இல்லை என்பது அவளுக்கும் தெரியும்.

தேர்வை வீட்டிலேயே எழுதலாம் என்றார்கள். எழுதி முடிக்கும்வரை அறைக்குள் வேறு யாரும் வரக் கூடாது. எந்த ஊரிலோ இருந்துகொண்டு ஒருவர் கேமரா வழியே என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் முகம் எனக்குத் தெரியாது. எழுத்து மட்டும் திரையின் ஓரத்தில் வரும். கட்டிலுக்கு அடியைக் காட்டச் சொன்னார். காதைக் காட்டச் சொன்னார். மணிக்கட்டைத் திருப்பச் சொன்னார். பேறுகால ஆஸ்பத்திரியில்கூட இவ்வளவு பரிசோதனை கிடையாது.

மூன்றாவது கேள்வியிலேயே முதல் எச்சரிக்கை வந்தது. உதடு அசைகிறதாம். ஆயுளில் ஒரு வரியைக்கூட உதடு அசையாமல் நான் வாசித்ததில்லை. சத்தம் வாய்க்குள் புரளாத எழுத்து எனக்கு எழுத்தே அல்ல. பல்லைக் கடித்துக்கொண்டேன். பத்தாவது கேள்வியில் இரண்டாவது எச்சரிக்கை. கண் திரையை விட்டு மேலே போகிறதாம், அதுவும் ஒவ்வொரு கேள்விக்கும்.

போகத்தான் செய்தது. கணினிக்கு மேலே சுவரில் மாதா படம். எங்கள் கரையில் வள்ளம் இறக்கினாலும் வண்டி எடுத்தாலும் முதலில் கண் அங்கே போய்த்தான் திரும்பும். அது காப்பி அடிப்பது என்று யாரும் இதுவரை சொன்னதில்லை. படத்தை அகற்றவும், இல்லையேல் தேர்வு ரத்து என்று எழுத்து வந்தது. மனைவியைக் கூப்பிட வழியில்லை. எழுந்து மாதாவைச் சுவரைப் பார்த்துத் திருப்பி மாட்டினேன்.

அடுத்து வந்தது அந்தக் கேள்வி. ஒருவரின் கணினிக்கு நெட்வொர்க் வரவில்லை, முதலில் என்ன செய்வீர்கள்? எனக்குத் தெரியும். கச்சான் என்கிற மேல்காற்று அடிக்கிற மாதங்களில் உப்பளத்துத் தூசி கேபிள் முனையில் போய்ப் படிந்து பித்தளையைப் பச்சையாக்கிவிடும். கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டினால் உயிர் வந்துவிடும். கொடுத்திருந்த நான்கு விடைகளில் எதிலும் உப்பு இல்லை. பயனரிடம் பிரச்சினை என்னவென்று கேட்டறிவேன் என்பதுதான் புத்தகத்தின் விடை. எங்கள் எடைமேடைக்காரரிடம் அப்படிக் கேட்டால், ஓடலன்னுதான ஒம்மக் கூப்பிட்டேன் என்பார். கேட்டறிவேன் என்பதையே அழுத்தினேன். அதன் பிறகு அப்படியே பல. வாழ்நாளில் செய்யாததையெல்லாம் செய்வேன் என்று வரிசையாக ஒப்புக்கொண்டேன். மாதா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது நல்லதாகப் போயிற்று.

தேர்ச்சி என்று திரையில் வந்ததும் கதவைத் திறந்தேன். மனைவி என் முகத்தைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தாள்.

“மாதாவ அங்கன திருப்பி வச்சிட்டா எழுதுனீய?”

விளக்கினேன். அவள் படத்தை நேராக்கி, முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள்.

“அப்பிடியும் பாஸாக்கி விட்டிருக்காவ பாருங்க.”

சர்ட்டிபிகேட்டை அன்றே சென்னைக்கு அனுப்பினேன். வாழ்த்து வந்தது. மறுவாரம் இன்னொரு மெயில்: வேலையை வெளி நிறுவனத்துக்குக் கொடுப்பது ஏற்கெனவே முடிவாகிவிட்டது, வருந்துகிறோம். மூன்றாம் நாள் அந்த வெளி நிறுவனத்திலிருந்து ஒரு பெண் உற்சாகமாகப் பேசினாள். தூத்துக்குடியில் ஒரு யார்டுக்கு ஆள் வேண்டும், சர்ட்டிபிகேட் உள்ளவர்களைத் தேடியதில் என் பெயர் வந்தது, அனுபவத்தை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை, ஆனால் இந்தச் சான்று இருப்பதால் என்னை ஃபிரஷராக எடுத்துக்கொள்ள முடியும். எந்த யார்டு என்று கேட்டேன். அதே யார்டுதான்.

ஆக, வேலைச் சந்தையில் அந்தக் காகிதத்துக்கு மதிப்பே இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. என்னிடமிருந்த நாற்காலியை எனக்கே வாங்கிக் கொடுத்தது.

முதல் நாள் கழுத்தில் காண்ட்ராக்ட் ஆட்களுக்கான பச்சை நாடாவோடு போனேன். கம்பெனி ஆட்களுக்கு நீலம். என்னோடு பல வருடம் டீ குடித்த கேட் காவலர் எழுந்து நின்றார். வழி விடவில்லை. பார்வையாளர் நோட்டைத் திறந்து, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

“பச்ச நாடான்னா எழுதித்தான் விடணும்னு ஆர்டர் அண்ணாச்சி. யாரப் பாக்கணும்னு போடணும்லா.”

நோட்டைக் குனிந்து பார்த்தேன். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது.

“சிஸ்டம் பாக்குத ஆளப் பாக்கணும்னு எழுதும்.”

நிதானமாக எழுதினார். கடிகாரத்தைப் பார்த்து நேரத்தையும் போட்டார். பேனாவை மூடினார்.

“இன்னும் வரல்ல. உள்ள போயி உக்காருங்க, இப்ப வந்திருவாவ.”