ஓரகத்தியின் முதல் தரம்

என் ஓரகத்தி எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. அது வேறு எரிச்சல். ஏதாவது செய்திருந்தால் ஒருநாள் சண்டை போட்டுத் தொலைத்திருக்கலாம்.

மூத்த மருமகள் அவள், இளையவள் நான். மாடியில் அவள் குடும்பம், கீழே நாங்கள், சமையலறை பொது. இரண்டு பேருமே தலைமையாசிரியைகள். என் பள்ளிக்கும் அவள் பள்ளிக்கும் நடுவே நான்கே தெரு. ஆனால் அவளுடையது முதல் தரம், என்னுடையது மூன்றாம் தரம். ஆய்வுக்கு வருகிறவர்கள் போட்டுவிட்டுப் போகிற தரம் அது. வாசலில் பலகையாக மாட்டியே ஆகவேண்டும். நேரில் அவளை அக்கா என்பேன். மனசுக்குள் என்ன சொல்வேன் என்பதை இங்கே எழுத முடியாது.

அவள் காலை ஐந்தரைக்கே எழுந்துவிடுவாள். குரல் உயராது. சாக்பீஸ் தூள்கூட அவள் விரலில் ஒட்டாது. "அண்ணியைப் பாரு, எவ்வளவு நிதானம்!" என்பார் என் வீட்டுக்காரர். மாமியார் உறவுக்காரர்களிடம் போனில் சொல்லுவார்: "பெரியவ ஸ்கூல் ஃபர்ஸ்ட் கிரேடு. சின்னவளா? அவளும் ஏதோ நடத்தறா." அந்த 'ஏதோ'வைக் கேட்டால் எனக்கு வயிறு பற்றி எரியும்.

அவள் பள்ளியிலிருந்து டி.சி. வாங்கிக்கொண்டு பிள்ளைகள் என்னிடம் வருவார்கள். அவர்களாக எங்கே வாங்கினார்கள்? வாங்க வைத்தாள். படிப்பு ஏறாத பிள்ளை முதல் தரப் பள்ளியில் எதற்கு? மூன்றாம் தரத்துக்காரி ஒருத்திதான் நான்கு தெரு தள்ளி இருக்கிறாளே!

தையல்காரியின் மகள் அப்படித்தான் வந்தாள். நான்காம் வகுப்பில் சேர்ந்தபோது எழுத்துகூடத் தெரியாது. இரண்டு வருஷம், சாயங்காலம் சாயங்காலம் என் அறையில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தேன். எல்லாம் அன்பினால் என்று பொய் சொல்லமாட்டேன். ஓரகத்தி கைவிட்டதை நான் செய்துகாட்டவேண்டும் என்ற வீம்பு பாதி. இப்போது அந்தச் சிறுமி படிக்கிறாள். ஆனால் ஒவ்வொரு வார்த்தையாக நின்று நின்று படிப்பாள். புரியாமல் அடுத்த வரிக்குப் போகவே மாட்டாள். "டீச்சர், இந்த ஆளு பொய் சொல்றான். மேல வேற மாதிரி சொன்னானே!" என்று கதைக்குள் இருக்கிறவனோடு சண்டைக்கு நிற்பாள். மடமடவென்று வாசிக்கிற என் முதல் பெஞ்சுப் பிள்ளைகள் ஒருத்தர்கூட அதைக் கவனித்திருக்கவில்லை.

இந்த வருஷத்து ஆய்வுத் தேதி வந்தது. வருகிறவர்கள் வருகைப் பதிவேட்டில் விரல் வைத்து வகுப்புக்கு நான்கு பேரை எழுப்புவார்கள். ஒரு நிமிஷத்தில் எத்தனை வார்த்தை வாசிக்கிறார்கள் என்று கடிகாரத்தைப் பார்த்து எண்ணுவார்கள். அறுபது வேண்டும்; ஒரு பிள்ளை குறைந்தாலும் தரம் இறங்கிவிடும். மற்ற பிள்ளைகள் எல்லாரும் இந்த வருஷம் அதை எட்டிவிட்டார்கள்; தையல்காரி மகளுக்கு மட்டும் இருபது வந்தால் அதிகம். அந்த இருபதுக்கு எங்கிருந்து கிளம்பி வந்தாள் என்று எழுத அவர்கள் படிவத்தில் கட்டம் கிடையாது.

"இந்தத் தடவையும் மூணுதானா? பேசாம பெரியவகிட்ட யோசனை கேட்டுக்கோயேன்," என்றார் மாமியார். ஓரகத்தி லேசாகச் சிரித்தாள். போதாதா? செருப்பை மாட்டிக்கொண்டு நேரே தையல் கடைக்குப் போனேன்.

"புதன்கிழமை ஒருநாள் பாப்பா வீட்ல இருக்கட்டும்மா," என்றேன். என்ன காரணம் சொல்வது என்று யோசித்து வைத்திருக்கவில்லை.

தையல்காரி மிஷினை நிறுத்தாமலே கேட்டாள். "இன்ஸ்பெக்‌ஷனா டீச்சர்? சரி, வச்சுக்கறேன். அந்த ஸ்கூல்லயும் சொல்வாங்க. எங்களுக்குப் பழக்கம்தான்."

சுருக்கென்றுதான் இருந்தது. ஆனாலும் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

முதல் தரம் கிடைத்தது. "ரெண்டு மருமகளுமே ஃபர்ஸ்ட் கிரேடு!" என்று மாமியார் போனில் கூவினார். நான் ஓரகத்தியின் முகத்தைத்தான் பார்த்தேன். சுருங்கிப்போயிருந்தது. இத்தனை வருஷம் நான் பட்டதை ஒருநாளாவது பட்டாளே என்று எனக்கு மனசு குளிர்ந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நன்றாகவே குளிர்ந்தது.

சாயங்காலம் இரண்டு பேரும் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தோம். "எத்தனை பேரை வீட்ல நிறுத்தின?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"ஒருத்தியைத்தான்க்கா."

"யாரை?"

சொன்னேன். குழாயை மூடினாள்.

"நான் டி.சி. குடுத்து அனுப்பின பொண்ணா? இன்னுமா அவளுக்கு எழுத்து வரல?" கேட்ட குரலில் ஒரு நிம்மதி இருந்தது. அது எனக்குப் பொறுக்கவில்லை.

"வராம என்ன? நல்லாவே படிக்கிறா. புரிஞ்சு படிக்கிறா. உங்க ஸ்கூல்ல மூணு வருஷமா வராதது என்கிட்ட ரெண்டே வருஷத்துல வந்துடுச்சு!" என்று வெடித்தேன்.

அவள் ஈரக் கையோடு என் பக்கம் திரும்பினாள். முகத்தில் ஏளனம் இல்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள்.

"எங்கிட்ட இருந்தப்ப அவளுக்குப் படிக்கத் தெரியாது, நான் நிறுத்தினேன். உங்கிட்டதான் படிக்கிறாளே. நீ எதுக்கு நிறுத்தின?"

கையிலிருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டேன். மிச்சப் பாத்திரங்களை அவளே கழுவி வைத்தாள்.