பாதி ஆற்றில் இறங்கியவள்

ஒனோரின் போலாயா எங்கள் இபோகோ கிராமத்துக்கு விரும்பி வந்தவள் அல்ல. கின்ஷாசாவில் உப்பு, சோப்பு, தூண்டில் முள், பழைய துணி மூட்டைகள் என்று வாங்கி ஏற்றிக்கொண்டு, பாரப்படகில் காங்கோ ஆற்றின் மேல்பக்கம் கிசங்கானிக்குப் போய்க்கொண்டிருந்தாள். அங்கே அவள் கணவன் காமில் தையற்கடை வைத்திருந்தான். எலோடி என்று எட்டு வயதில் ஒரு மகள். போலாயா லொகெலே இனத்துப் பெண். அவர்களுக்கு ஆற்று வியாபாரம் பேச்சு வருவதற்கு முன்பே வந்துவிடும்.

அது தொண்ணூற்றெட்டாம் வருடத்து ஆகஸ்ட். எங்கள் துறையில் படகு கட்டியிருந்தபோது, கிசங்கானியைக் கலகப்படை பிடித்துவிட்டது என்று வானொலி சொன்னது. படகுத் தலைவன் மேல்தளத்தில் நின்று கத்தினான்.

"நான் திரும்புறேன். கின்ஷாசா வர்றவங்க இருங்க. மத்தவங்க இறங்கிக்குங்க."

"என் வீடு மேல இருக்கு. கீழ போய் நான் என்ன பண்ண?" என்றாள் போலாயா.

"உயிரோட இருப்பேம்மா."

"அதை இங்கயே இருந்துக்கிறேன். அடுத்த வாரம் வேற படகு வரும்."

மூட்டைகளை இறக்கிக்கொண்டாள். அடுத்த படகு வர ஐந்து ஆண்டுகள் ஆயின.

துறைக்குப் பக்கத்து வீடு எங்களுடையது என்பதால், எங்கள் சமையல் குடிலில்தான் தங்கினாள். சண்டையால் ஆற்றுவழி மூடியதும் உப்பு வருவது நின்றது. ஊரில் உப்பு வைத்திருந்தவள் அவள் ஒருத்திதான். முதலில் கிண்ணத்தால் அளந்தாள், பிறகு தேக்கரண்டியால், கடைசியில் பீர் பாட்டில் மூடியால். பதிலுக்கு மீன், மரவள்ளி, பனை எண்ணெய் வாங்கிக்கொண்டாள். மூடியை நிரப்பி, மேலே விரலால் ஒரு வழி வழிப்பாள். அந்த விரல்மேல்தான் எங்கள் பெண்களுக்கு ஆத்திரம்.

"அந்த விரல்ல ஒட்டினதை வெச்சே ஒரு குழம்பு வைக்கலாம்," என்பாள் என் மனைவி பெலாஜி.

"வை அக்கா. உன் குழம்புக்கு அதுவாவது ருசி குடுக்கட்டும்," என்பாள் போலாயா.

இருவரும் ஒரே அடுப்பில்தான் சமைத்தார்கள்.

மறு வருடம் சண்டை எங்கள் பக்கம் வந்தது. பின்வாங்கிய சிப்பாய்கள் ஆடுகளை, மெத்தைகளை, கதவுகளைக்கூட எடுத்துப் போனார்கள். போலாயாவின் துணி மூட்டைகளும் அவற்றோடு போயின. முன்னேறி வருகிறவர்கள் என்ன எடுப்பார்கள் என்று பார்க்க நாங்கள் காத்திருக்கவில்லை. ஊரோடு சதுப்புக் காட்டுக்குள் போனோம். அங்கே இடுப்பளவு கறுப்புத் தண்ணீர். அதற்கு அடியில் வேர்கள். போலாயா பத்தடிக்கு ஒருமுறை விழுந்தாள்.

என் பெரியப்பா மகன் எகோஃபோ அவளுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தான். மீன் பிடிப்பவன், மனைவியை இழந்தவன், அதிகம் பேசாதவன்.

"கிசங்கானி அம்மாவுக்கு ஆத்துல வரத் தெரியுது, நடக்கத் தெரியலையே," என்றான்.

"ஆத்துல நான் நடந்தா வந்தேன்? உக்காந்துல்ல வந்தேன். இங்கயும் ஒரு படகு கொண்டா, உக்காந்து வரேன்."

அவன் திரும்பிப் போனான். கோபித்துக்கொண்டு போகிறான் என்றே நினைத்தோம். மரங்களுக்கு நடுவே ஒரு சின்ன ஓடத்தைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தான். அவள் அதில் ஏறி உட்கார்ந்தாள். காட்டில் எங்களுக்குக் கிடைத்த முதல் சிரிப்பு அது.

கம்பு நட்டுப் பரண் கட்டி, அதன்மேல் வாழ்ந்தோம். புழுக்காலத்தில் மரப்புழு, மற்ற நேரம் காட்டுக் கிழங்கும் மீனும். உப்புத் தீர்ந்த பிறகு நீர்ப்பாசியை எரித்து, சாம்பலை வடிகட்டிக் காய்ச்சினோம். கசந்தது. மருந்து மட்டும் எதை எரித்தாலும் கிடைக்கவில்லை. எங்கள் இளைய மகள் காய்ச்சலில் அங்கேயே போனாள். அவள் உடலைக் கழுவத் தண்ணீர் மட்டும்தான் எங்களிடம் இருந்தது. போலாயா தன் துணிமுடிச்சுக்குள்ளிருந்து ஒரு சோப்புத் துண்டை எடுத்து வந்து பெலாஜியின் கையில் வைத்தாள். சோப்பு என்ற பொருளை நாங்கள் கண்ணால் கண்டே பல மாதங்கள் ஆகியிருந்தன. தன் வீட்டுக்குப் போகும் நாளில் குளிப்பதற்காக அதை வைத்திருந்தாளாம்; பிறகு பெலாஜி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

சண்டை எங்கள் பக்கத்தை விட்டு நகர்ந்தபின் ஊர் திரும்பியபோது எகோஃபோவின் வீட்டுக்குத்தான் கூரை கொஞ்சம் மிஞ்சியிருந்தது. போலாயா அங்கே குடியேறினாள். முன்னதாக என்னிடம் வந்து பேசினாள்.

"காமில் இருக்கானா, போயிட்டானான்னே தெரியலை. ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு நாள் நிக்கறது அண்ணே? கால் வலிக்குது."

முறைப்படி மாப்பிள்ளை பெண்வீட்டாருக்குக் கள் கொடுக்க வேண்டும். அதை வாங்கிக்கொள்ள அவள் பக்கத்து ஆள் ஒருவரும் இல்லை. ஆகவே நான் பெண்வீட்டாராக உட்கார்ந்து, என் அண்ணன் எகோஃபோவிடமே கள் வாங்கிக் குடித்தேன். போதவில்லை என்று தகராறும் செய்தேன். பெண்வீட்டார் செய்யாவிட்டால் நன்றாக இருக்காது. மறு வருடம் ஆண் குழந்தை பிறந்தது. போசெங்கே என்று பெயர் வைத்தார்கள்.

இரண்டாயிரத்து மூன்றில் சமாதானம் என்றார்கள். மழைக்கு முன்பு, மேலேயிருந்து முதல் பாரப்படகு வந்தது. வழக்கப்படி ஓடங்கள் நடு ஆற்றிலேயே அதை மறித்து மீன் விற்கப் போயின. எங்கள் பெண்களின் பேச்சில் இபோகோவில் ஒரு லொகெலேக்காரி இருக்கிறாள் என்பதும் வந்திருக்கிறது. படகில் துணி வாங்கப் போய்க்கொண்டிருந்த ஒருவன் அவள் பெயரைக் கேட்டிருக்கிறான்.

காமில் துறையில் இறங்கினான். கூட, பதின்மூன்று வயதாகி உயர்ந்து வளர்ந்திருந்த எலோடி. போலாயா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மீன் உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"நீ செத்துட்டேன்னு சொன்னாங்க," என்றான் அவன்.

"யாரு சொன்னது?"

"படகு கவுந்து போச்சுன்னு... துக்கம் கொண்டாடினோம். உன் படத்துக்குத் தென்னங்குருத்து கட்டி, நாலு ராத்திரி ஊரே உக்காந்துச்சு."

"என்ன சமைச்சீங்க?"

"ஆடு."

"ஒண்ணா, ரெண்டா?"

"ஒண்ணுதான். யுத்த காலம்."

போலாயா சிரிக்கத் தொடங்கினாள். அது எந்த இடத்தில் அழுகையானது என்று சொல்ல முடியாது. காமில் மறுமணம் செய்திருந்தான். அவன் சொல்வதற்கு முன்பே அவள் புரிந்துகொண்டாள். அவனும் அவள் இடுப்பிலிருந்த குழந்தையைப் பார்த்துவிட்டான். ஒருவரை ஒருவர் குற்றம் சொல்ல இருவருக்கும் எதுவும் கிடைக்கவில்லை. எகோஃபோ மீன் சுட்டுக் கொடுத்தான். மூவரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். எலோடி மட்டும் தட்டைத் தொடவில்லை. அவளுக்கு நினைவில் இருந்தது படத்தில் இருந்த பெண் மட்டும்தான்.

மேலே போகும் அடுத்த படகில் அவர்களோடு போலாயாவும் கிசங்கானி போனாள். வலையை எடுத்துக்கொண்டு தீவுப்பக்கம் போன எகோஃபோ, ஒரு வாரம் ஊருக்கே வரவில்லை. போசெங்கே எங்களோடு இருந்தான். எங்களில் பாதிப் பேர் அவள் திரும்ப மாட்டாள் என்றே சொன்னார்கள். நானும் அந்தப் பாதியில்தான் இருந்தேன்.

பெரிய மழை ஓய்ந்த பிறகு உப்பு மூட்டைகளோடு வந்து இறங்கினாள். எலோடி வரவில்லை.

"கூப்பிட்டியா?" என்று பெலாஜி கேட்டாள்.

"கூப்பிட்டேன். 'எனக்கு வீட்ல அம்மா இருக்காங்க'ன்னா. அந்தப் பொம்பளை நல்லவதான். பொண்ணுக்குத் தலை பின்னி விடறா, திட்டறா. எல்லாம் ஒழுங்கா நடக்குது." உப்பு மூட்டையைச் சுவரோரம் நகர்த்திவிட்டு, "அவ சோம்பேறியா இருந்திருந்தா நான் சண்டை போட்டிருப்பேன்," என்றாள்.

அதன் பிறகு பல ஆண்டுகள் அவள் எங்கள் துறைக்கும் கிசங்கானிக்கும் இடையே வியாபாரம் செய்தாள். போகும்போது புகைபோட்ட மீன், வரும்போது உப்பும் துணியும். ஒவ்வொரு முறையும் காமில் வீட்டுக்குப் போய் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு வருவாள். எகோஃபோவுக்குக் காமில் கையால் தைத்த சட்டை வரும். இவனும் கூச்சமில்லாமல் போட்டுக்கொள்வான். எலோடி வளர்ந்து தாதி வேலைக்குப் படித்தாள். எங்கள் ஊருக்கு இரண்டு முறை வந்திருக்கிறாள். வளர்த்தவளை அம்மா என்கிறாள். இவளை, 'போலாயா அம்மா' என்கிறாள்.

அந்த ஒரு சொல் கூடுதலாக இருப்பது உறுத்துகிறதா என்று பெலாஜி ஒருநாள் கேட்டாள். போலாயா மீனைத் திருப்பிப் போட்டாள்.

"முதல் தடவை வந்தப்ப மேடம்னு கூப்பிட்டா," என்றாள்.