ஆரோக்கியம்மாள் அழுத்திப் பார்த்த எண்கள்

பட்டாபிராமில் நான் குடியிருக்கும் மாடிக்குக் கீழே ஆரோக்கியம்மாள் அக்காவின் தையல் மெஷின் ஓடும். வயது ஐம்பது. வருடம் முழுக்க ஜாக்கெட் தைப்பார். மே மாதம் வந்தால் ஜாக்கெட்டெல்லாம் ஓரம் போகும். அவர்கள் பங்குக் கோவிலில் விடுமுறை விவிலியப் பள்ளி முடிகிற நாளில் ஆடும் பிள்ளைகளுக்கு உடை தைப்பது பதினான்கு வருடமாக அவர்தான். டேப்பை எடுக்கவே மாட்டார். "ரெண்டு விரக்கடை வளந்துட்டாடி" என்று கண்ணாலேயே அளப்பார்.

போன மே மாதம் பதினோரு சிறுமிகள். நீல ஃபிராக், மூன்று அடுக்கு மஞ்சள் ஃபிரில். சுற்றினால் மலர்ந்து அடங்க வேண்டும். அதற்காக எதிர்வீட்டு ரியாவை, எட்டு வயது, கூடத்தில் சுற்றவிட்டுப் பார்த்தார். பிரித்தார். மறுபடி தைத்தார்.

பங்கின் வீடியோ சேனலில் ஞாயிறு பூசையை இருநூறு பேர் பார்த்தால் அதிகம். இந்த நடனத்தை ஒன்பது நாளில் நாற்பத்தோராயிரம் பேர் பார்த்திருந்தார்கள். சேனலை நடத்தும் மேக்ஸ்வெல் கேக் வெட்டினான்.

அக்கா அந்த வீடியோவின் கமெண்டுகளைத் திறந்து போனை என்னிடம் நீட்டினார். "கோபி, கீய இன்னாடா எய்தி கீறானுங்க? வெறும் நம்பரா கீது."

1:52. 3:07. 4:40. பக்கத்தில் இதயப் படங்கள். எல்லாம் முகமில்லாத கணக்குகள். இரண்டை அழுத்தினேன். வீடியோ அந்தந்த நொடிக்குத் தாவியது. எனக்குப் புரிந்துவிட்டது. அக்கா பரிசு வாங்கப் போகிறவர் போல என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த இடமெல்லாம் நல்லா இருக்குன்னு சொல்றாங்கக்கா."

அவ்வளவுதான் என் வாயில் வந்தது. கவிதைப் புத்தகங்களில் நான் அடிக்கோடிட்டு வைத்த ஒரு சொல்கூட உதவிக்கு வரவில்லை.

"அப்ப என் ஃபிரில்லத்தான் சொல்றானுங்க" என்று சிரித்தார்.

மறுநாள் மதியம் ஒவ்வொரு எண்ணாக அவரே அழுத்தினார். எந்த அடுக்கு பிடித்திருக்கிறது என்று தெரிந்தால் கிறிஸ்துமசுக்கும் அதையே வைக்கலாமே. முதல் எண்ணில் ஃபிரில் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. என்ன இருந்தது என்று எழுத மாட்டேன். எழுதினால் நானும் ஒரு எண் போட்டவன் ஆவேன். ஒரு குழந்தையை எந்த நொடியில் பார்க்கக் கூடாதோ அந்த நொடியைப் பொறுக்கியெடுத்து, ஒருவன் இன்னொருவனுக்கு வழி சொல்லியிருந்தான். பதினேழு எண்கள். அதில் ஒன்பது ரியா.

அக்கா மாடியேறி வந்தார். மூச்சு வாங்கியது.

"ஒனக்கு நேத்தே தெர்யும்ல?"

ஆமென்று தலையாட்டினேன்.

"ஊட்டுக்குள்ள பாம்பு பூந்தாலும் நல்லா கீதுக்கான்னுதான் சொல்லுவியா? வாடா எங்கூட."

போகிற வழியிலேயே அந்தக் கணக்குப் பெயர்களையும் எண்களையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன். ஒரு நாள் தாமதம்.

பங்குக் கூடத்தில் பாட்டுப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. மேக்ஸ்வெல் விஷயத்தைக் கேட்டதும் போனில் எதையோ தட்டினான்.

"கமெண்ட ஆஃப் பண்ட்டேங்க்கா. முடிஞ்சிச்சி. சத்தம் போடாதீங்க."

"வாய மூடிட்ட. கண்ணு தொறந்துகினுதான கீது? வீடியோவ எட்றா."

"நாப்பதாயிரம் பேர்ல நாலு பொறுக்கி இருப்பான். அதுக்காகப் பசங்க ஒயைப்ப அழிக்கறதா?" என்றவன் குரலைத் தாழ்த்தினான். "நீங்களும் நாலு விரக்கடை நீளமா தெச்சிருக்கலாம்."

பாட்டு நின்றுவிட்டது.

"இன்னாடா சொன்ன? பத்து வயசுல ஒன் புதுநன்மைப் பூசைக்குச் சட்ட தெச்சவடா நானு! எனக்கே அளவு சொல்றியா? எட்டு வயசுக் கொயந்தடா அது. கோணி தெச்சி மாட்டி உட்டாலும் அந்த நாயி அதுலயும் நம்பர் போடுவான். அவன உட்டுட்டு என் துணி மேல பழி போட்றியா?"

"அக்கா, கோயில்ல..."

"கோயில்லதான் கேக்கறேன். மூணு நிமிசம் ஏயு செகண்டு. தள்ளு. நிக்கறது யாருன்னு பாரு."

தள்ளிப் பார்த்தான். அவன் மகள் ரெனிதா. ஏழு வயது.

அங்கேயே வீடியோவை அழித்தான். அவனை மன்னிக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை. 3:07-ஐப் பார்க்கும் வரை அவனுக்கு அது யாரோ பெற்ற பிள்ளை. நாலு விரற்கடையில் தீர்கிற சங்கதி. என்னையும்தான் மன்னிக்க முடியவில்லை.

சைபர் கிரைம் போலீசில் புகார் கொடுத்தோம். ரியாவின் அம்மா கையெழுத்துப் போட்டார். விசாரணை நடக்கிறது என்கிறார்கள். அந்த நாற்பத்தோராயிரத்தில் எத்தனை பேர் அந்த வீடியோவைத் தங்கள் போனில் இறக்கி வைத்திருக்கிறார்கள் என்பதை யாராலும் சொல்ல முடியவில்லை.

டிசம்பரில் கிறிஸ்துமஸ் நடனத்துக்கான துணிக்கட்டோடு மேக்ஸ்வெல் வந்து தலைகுனிந்து நின்றான். "எவ்ளோ நீளம்க்கா?"

"அதே நீளம். அதே மூணு அடுக்கு. ஆனா ஒரு போன் உள்ள வரக் கூடாது. வந்துச்சின்னா, போட்டுகினு கீற துணியோட கொயந்தைங்கள அப்டியே ஊட்டுக்கு இட்டுகினு பூடுவேன்."

விழாவன்று கூடத்து வாசலில் அவரே பெரிய துணிப்பையோடு நின்று, ஒவ்வொருவரிடமும் போனை வாங்கிப் போட்டார்.

"எம் பொண்ணுதானக்கா, நான் எடுக்கக் கூடாதா?" என்றார் ஒரு அப்பா.

"ரெண்டு கண்ணு வெச்சிகினு கீறல்ல? அதால பாரு."

பாட்டு தொடங்கியது. ரியா சுற்றினாள். மஞ்சள் மூன்று அடுக்காக மலர்ந்து, அக்கா நினைத்தபடியே அடங்கியது. கூடம் கைதட்டியது.

அக்கா அதைப் பார்க்கவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மேடைக்கு முதுகைக் காட்டி, எங்கள் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.