சட்டி நிறையும் வேகம்

மெல்பேர்ண் போகும் வழியில் வீட்டு வண்டிகள் இரவு தங்கும் ஒரு கேரவன் பார்க்கில் என் வண்டியை நிறுத்துகிறேன். குழாயில் முதலில் பித்தளை ரெகுலேட்டரைப் பொருத்திய பிறகே வண்டிக்குத் தண்ணீர் கொண்டுபோகும் ஹோஸை மாட்டுகிறேன். தண்ணீரின் வேகத்தை அது அடக்கிவிடும். பக்கத்து வண்டியில் வந்திருக்கும் லிட்கம் ஊர் அன்ரி சோற்றுச் சட்டியோடு நின்று பார்க்கிறார்.

“நான் என்ர ரெகுலேட்டரைக் கழட்டிப்போட்டன் தம்பி. சட்டி நிறைய அரை மணித்தியாலம் எடுக்குது.”

“இஞ்ச பிரஷர் கூட அன்ரி. வண்டிக்குள்ள இருக்கிற பைப் தாங்காது.”

“எங்கட வண்டி புதுசு, ஒண்டும் ஆகாது.”

அந்தப் புது வண்டிக்குள் ‘டப்’பென்று ஏதோ வெடிக்கிறது. படி வழியாகத் தண்ணீர் இறங்கி வருகிறது, கூடவே ஒரு செருப்பும். ஓடிப்போய் அவருடைய குழாயை மூடுகிறேன்.

இருவருமாகத் தரையைத் துடைத்து முடித்த பிறகு, அன்ரி என் ஹோஸின் முனையைச் சட்டிக்குள் விட்டு, கதிரை போட்டு உட்காருகிறார்.

“மெல்ல வரட்டும் தம்பி. எனக்கு அவசரமில்லை.”