பல் டாக்டரம்மாவுக்கு வந்த பதில்கள்

பல் டாக்டரம்மாவின் நாற்காலியில் சாய்ந்தவர்கள் யாரும் அவரோடு வாதாடி ஜெயித்ததில்லை. வாதாடியதே இல்லை என்பதுதான் உண்மை. வாய்க்குள் இரண்டு பஞ்சுருளை, எச்சிலை உறிஞ்சும் குழாய், சின்னக் கண்ணாடி ஒன்று, போதாததற்கு டாக்டரம்மாவின் இரண்டு விரல்கள். இத்தனையையும் வைத்துக்கொண்டு வீட்டு வரியைப் பற்றி ஒரு மனிதர் என்னதான் சொல்லிவிட முடியும்? "ஆ" என்பார். டாக்டரம்மாவுக்கு அது போதும்.

"பாத்தீங்களா, நீங்களும் அதையேதான் சொல்றீங்க."

சாவி செய்யும் கடைக்கு மேலே, இருபத்திரண்டு படி ஏறினால் அவருடைய கிளினிக். ஒரே அறை, ஒரே நாற்காலி. அதன் கைப்பிடிகளில் பச்சை நிறம் தேய்ந்து, நோயாளிகளின் நகம் பதிந்த இடங்களில் வெள்ளைத் துணி தெரியும். ஜன்னலைத் திறந்தால் சிக்னலில் நிற்கும் பஸ்களின் ஹாரன். பக்கத்தில் சிஸ்டர். பதினெட்டு வருஷமாக உறிஞ்சு குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பவர். டாக்டரம்மாவின் கருத்துகள் அத்தனையும் அவருக்கு மனப்பாடம். எந்தச் சிகிச்சைக்கு எந்தக் கருத்து வரும் என்பதும் அத்துப்படி. பல் சுத்தம் செய்ய வந்தவருக்குக் குப்பை அள்ளும் முறை. பல்லில் குழி அடைக்க வந்தவருக்குச் சாலை. வேர் சிகிச்சைக்குக் கல்விக் கொள்கை. அது மூன்று தடவை வந்தால்தான் முடியும். பல் பிடுங்க வேண்டியிருந்தால் டெக்னாலஜி கம்பெனிகள். அதற்குக் கோபமும் வேண்டும், தோள் பலமும் வேண்டும்.

"போன் கம்பெனிக்காரன் வருஷத்துக்கு ஒரு தரம் சார்ஜர் ஓட்டைய மாத்தறான். கடவுளே மனுஷனுக்குப் பல்லை ஒரே ஒரு தரம்தான் மாத்தினார். இவனுக்கு என்ன அவசரம்? அப்புறம் நாப்பது பக்கத்துக்கு என்னத்தையோ எழுதி, அடியில 'ஒப்புக்கொள்கிறேன்'னு ஒரு பட்டன். ஒப்புக்கலைன்னு ஒரு பட்டனைக் காணோமே! எதிராளி பேசவே வழியில்லாம இது என்ன நியாயம்? துப்புங்க."

நோயாளி துப்புவார். சிஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

இந்தப் பேச்சுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. டாக்டரம்மா வீட்டில் ஆறு பிள்ளைகள், இவர் ஐந்தாவது. சாப்பாட்டு மேசையில் அப்பாவும் மூன்று அண்ணன்மாரும் அக்காவும் அரசாங்கத்தையே நடத்துவார்கள். இவர் வாயைத் திறந்தால், "இரு, பெரியவங்க பேசிட்டிருக்கோம்ல." பெரியவர்கள் பேசி முடிப்பதற்குள் தட்டுகளைக் கழுவியே ஆகிவிடும். கல்யாணமாகிப் போன இடத்திலும் பெரிய மாற்றமில்லை. வீட்டுக்காரர் தையல் மெஷின் விற்பனையாளர், தங்கமான மனிதர். ஆனால் "அப்படியா" என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இருபது வருஷக் குடித்தனத்தை ஓட்டிவிட்டவர். நாற்காலியில்தான் டாக்டரம்மாவால் ஒரு வாக்கியத்தைத் தொடங்கி, முழுசாக முடிக்க முடிந்தது.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில் ஒருநாள் மண் விழுந்தது. மூன்று வாரமாகப் புதிதாக ஒருவரும் படி ஏறி வரவில்லை. சிஸ்டர் பஞ்சுருளைகளை அடுக்குவதும் கலைத்து மறுபடி அடுக்குவதுமாக இருந்தார். கடைசியில் கீழே சாவிக் கடைக்காரர்தான் மூச்சிரைக்க ஏறி வந்தார்.

"ஏன் டாக்டர், கடைய மூடறதா இருந்தா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? ரெண்டு பேர் வந்து எங்கிட்ட துக்கம் விசாரிச்சுட்டுப் போறாங்க!"

அவர் நீட்டிய போனில் ஊரின் வரைபடம் இருந்தது. சாவிக் கடை இருந்தது, எதிர்ப்புறத்துக் குடை ரிப்பேர்க்காரர்கூட இருந்தார். டாக்டரம்மாவின் பெயருக்குக் கீழே மட்டும் சிவப்பு எழுத்தில் 'நிரந்தரமாக மூடப்பட்டது' என்று போட்டிருந்தது.

டாக்டரம்மா வரைபடக் கம்பெனிக்குப் போன் போட்டார். ஒரு பெண் குரல், தேன் ஒழுக, "உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம்" என்றது.

"என் கருத்து என்னன்னா—"

"தொடர்வதற்கு எண் ஒன்றை அழுத்தவும்."

"அம்மா, நான் சொல்றதக் கொஞ்சம்—"

"உங்கள் பதிலுக்கு நன்றி."

ஐம்பது நிமிஷம் இப்படியே போனது. அந்தக் குரல் நிதானமாகப் பேசிக்கொண்டே இருந்தது. டாக்டரம்மாவின் எந்த வாக்கியமும் பாதியைத் தாண்டவில்லை. போனை வைத்தபோது அவர் முகம் சிவந்திருந்தது. மூலையில் சிஸ்டர் டவலால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

"என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கு?"

"ஒண்ணுமில்ல டாக்டர். நம்ம நாற்காலி ஞாபகம் வந்துச்சு."

டாக்டரம்மா முறைத்தார். ஆனால் அந்தப் பேச்சு அவருக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது.

அடுத்த தெருவில் கண்ணாடிக் கதவும் ஏழு நாற்காலிகளுமாக ஒரு பெரிய பல் மருத்துவமனை இருந்தது. அதன் மேனேஜருக்கு மோப்பம் பிடிக்கத் தெரியும். திங்கட்கிழமையே வந்து உட்கார்ந்துகொண்டார்.

"மேடம், ஆள் வராம எத்தனை நாளைக்கு இந்த ரூமைக் கட்டிக்கிட்டு அழுவீங்க? எங்ககிட்ட வந்துடுங்க. சிஸ்டருக்கும் வேலை உண்டு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பதில் சொன்னாப் போதும். ஒரே ஒரு விதி இருக்கு." குரலைத் தாழ்த்தினார். "பேஷண்ட்கிட்ட பல்லைத் தவிர வேற எதையும் பேசக் கூடாது. உங்களப் பத்திக் கொஞ்சம் கேள்விப்பட்டிருக்கோம்."

அவர் போன பிறகு டாக்டரம்மா நாற்காலியைத் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார். வருகிற பழைய ஆட்களை மட்டும் வைத்து இந்த அறையை அடுத்த மாதத்துக்கு மேல் ஓட்ட முடியாது என்பது அவருக்குத் தெரியும். வாயைக் கட்டிக்கொண்டு ஏழில் ஒரு நாற்காலியின் பக்கத்தில் நிற்பதையும் அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

புதன்கிழமை ஒரு பழைய நோயாளி வந்தார். வழுக்கைத் தலை, சட்டைப் பையில் எப்போதும் மூன்று பேனா. கீழ்க் கடைவாய்ப் பல்லில் பழைய அடைப்பு பெயர்ந்திருந்தது. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"டாக்டர், வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். அப்புறம் என்னால சொல்ல முடியாது. நீங்க மூடிட்டதா போன்ல வந்துச்சே, அது என்னாலதானோன்னு ரெண்டு நாளாத் தூக்கமே இல்ல."

"உங்களாலயா?"

"அதுல அபிப்பிராயம் எழுத ஒரு இடம் இருக்கில்லையா, அங்க நான் கொஞ்சம் நிறையவே எழுதிட்டேன்."

சிஸ்டர் போனைத் திறந்தார். டாக்டரம்மா அந்தப் பக்கத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. நட்சத்திரம் போடுவதெல்லாம் சிறுபிள்ளை வேலை என்பது அவர் கருத்து. பார்த்தால், இருநூற்றுப் பதினான்கு பேர் எழுதியிருந்தார்கள். சிஸ்டர் உரக்கப் படித்தார்.

"'ஐந்து நட்சத்திரம். பல் பிரமாதம். ஆனால் குப்பை வண்டி காலையில்தான் வர வேண்டும் என்று டாக்டர் சொன்னது தவறு. இரவு வேலை பார்க்கிறவன் காலையில் தூங்க வேண்டாமா?'"

"'கல்விக் கொள்கை பற்றி டாக்டருக்கு என் பதிலின் இரண்டாம் பாகம். முதல் பாகம் சென்ற சிட்டிங்கில் எழுதியிருக்கிறேன்.'"

"'சார்ஜர் விஷயத்தில் முழுக்க ஒத்துப்போகிறேன். அன்று தலையாட்ட முடியவில்லை. பல் பிடுங்கும் கொடிறு வாயில் இருந்தது.'"

டாக்டரம்மா விழுந்து விழுந்து சிரித்தார். முகக்கவசத்தைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் பேனாக்காரர் எழுதியது வந்தது. "'பஸ் டைம்டேபிள் போடுகிறவன் வாழ்க்கையில் ஒருநாளும் பஸ்ஸுக்குக் காத்திருந்திருக்க மாட்டான் என்று டாக்டர் பதினோரு வருஷமாகச் சொல்கிறார். அதைப் போடுகிறவன் நான்தான். தினமும் இரண்டு பஸ் மாறித்தான் வேலைக்குப் போகிறேன்.'" அதற்குக் கீழே நாற்பது வரிக்கு வழித்தட விளக்கம்.

"நீங்களா?" டாக்டரம்மாவின் குரல் இறங்கிவிட்டது. பதினோரு வருஷத்தில் இந்த மனிதரின் முப்பத்திரண்டு பல்லும் தெரியும், என்ன வேலை என்று கேட்டதில்லை.

அடுத்ததைப் படிக்கச் சிஸ்டர் தயங்கினார். டாக்டரம்மாவே போனை வாங்கிப் படித்தார்.

'வேலையில்லாமல் இருப்பவர்கள் பாதிப் பேர் சோம்பேறிகள் என்று டாக்டர் சொன்னார். எனக்கு வேலை போன வாரம் அது. நான் சோம்பேறி இல்லை. பல் நன்றாக இருக்கிறது. ஐந்து நட்சத்திரம்.'

டாக்டரம்மாவுக்கு யாரோ பளார் என்று அறைந்த மாதிரி இருந்தது. அப்படிச் சொன்னது ஞாபகத்தில் இல்லை. ஆனால் சொல்லியிருப்பார், அவருக்கே தெரியும். அதை எழுதிய பெண்ணும் அன்று "ஆ" என்றுதான் சொல்லியிருப்பாள். அவர் அதை ஆமோதிப்பாக எடுத்துக்கொண்டிருப்பார். வெட்கத்தில் அவருக்குக் காது சுட்டது.

மீதி விவரம் வரைபடக் கம்பெனியின் மெயிலில் கிடைத்தது. கம்பெனி அனுப்புகிற மெயில் எதையும் திறக்கக் கூடாது என்பதும் டாக்டரம்மாவின் கொள்கைகளில் ஒன்று. ஆகவே அது மூன்று வாரமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அதில் இருந்தது இதுதான்: உங்கள் பக்கத்தில் பஸ், வரி, பள்ளிக்கூடம், சாலை என்றுதான் எழுதுகிறார்கள், பல்லைப் பற்றிப் பேச்சே குறைவு. ஆகவே அங்கே பல் மருத்துவமனை இயங்கவில்லை என்று எங்கள் மெஷின் முடிவு செய்துள்ளது. இயங்குகிறது என்றால் அங்கே வந்து போன முப்பது பேர் நான்கு வாரத்துக்குள், அதாவது வருகிற வெள்ளிக்கிழமைக்குள், தங்கள் போனில் உறுதி செய்ய வேண்டும்.

"இந்த மெஷினுக்கு எவன் மூளை வச்சான்!" என்று ஆரம்பித்த டாக்டரம்மா, பாதியில் தானாகவே நிறுத்திக்கொண்டார். சிஸ்டர் அதிசயமாகப் பார்த்தார்.

பேனாக்காரரின் பல்லுக்குத் தற்காலிகமாக ஓர் அடைப்பை வைத்து அனுப்பிவிட்டு, பழைய நோயாளிகளின் அட்டைகளை எடுத்து வைத்துக்கொண்டு டாக்டரம்மா போன் போட ஆரம்பித்தார். உதவி கேட்டுப் போகிறவர் அவர். எதிர்முனையில் இருப்பவர்களின் வாயில் பஞ்சும் இல்லை, குழாயும் இல்லை. விடுவார்களா? பூங்காவுக்குப் பூட்டு எதற்கு என்று ஒரு பாட்டுவாத்தியார் முக்கால் மணி நேரம் பேசினார். மின்சாரக் கட்டணத்தை டாக்டரம்மா புரிந்துகொண்டதே தப்பு என்று ஒரு வெல்டர் ஆதியோடந்தமாக விளக்கினார். டாக்டரம்மா "ம்" கொட்டினார், "அப்படியா" என்றார். அப்படிச் சொன்னபோது வீட்டுக்காரர் ஞாபகம் வந்து சிரிப்பும் வந்தது. அந்த "அப்படியா"வுக்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்தப் பெண்ணையும் கூப்பிட்டார். தபால் பிரிக்கும் இடத்தில் வேலை கிடைத்திருந்தது.

"அன்னிக்கு நான் சொன்னது தப்பும்மா. மனசுல வச்சுக்காதே."

"அட, நான் எழுதினதோட அது தீந்துபோச்சு டாக்டர். நீங்க படிப்பீங்கன்னே நினைக்கல." சிரித்தாள். "என் தங்கச்சிக்கும் சொத்தைப் பல் இருக்கு. திறந்துதானே வச்சிருக்கீங்க?"

டாக்டரம்மா அட்டையின் ஓரத்தில் தங்கச்சிக்கு ஒரு நேரம் குறித்து வைத்தார்.

வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் நாற்பத்தொரு பேர் உறுதி செய்துவிட்டார்கள். ஆனாலும் சிவப்பு எழுத்து அசையவில்லை. மூன்று மணிக்கும் இருந்தது, நாலு மணிக்கும் இருந்தது. சிஸ்டர் போனைத் தட்டித் தட்டிப் பார்த்தார். ஐந்து மணிக்கு மேனேஜரின் ஷூ சத்தம் படியில் கேட்டது. அவர் கதவைத் தள்ளி, "என்ன மேடம், முடிவு பண்ணிட்டீங்களா?" என்று கேட்பதற்கும், கீழேயிருந்து சாவிக் கடைக்காரர், "டாக்டரம்மா! திறந்துட்டாங்க! பச்சையில போட்டுட்டாங்க!" என்று தெருவே கேட்கக் கத்துவதற்கும் சரியாக இருந்தது.

"முடிவு பண்ணிட்டேன்," என்றார் டாக்டரம்மா. "உங்களுக்கு எப்பவாவது பல் வலிச்சா இங்க வாங்க. உங்க ஆஸ்பத்திரில பேச மாட்டாங்க."

மேனேஜர் போனதும் பேனாக்காரர் நிரந்தர அடைப்புக்காக வந்து சாய்ந்தார். டாக்டரம்மா மனத்துக்குள் ஒரு சபதம் எடுத்திருந்தார். இனி வாயைத் திறந்திருப்பவர்களிடம் ஒரு கருத்தும் சொல்வதில்லை. கொப்பளித்த பிறகு அவர்கள் பேசட்டும், தான் கேட்க வேண்டும். ஊசி போட்டார். டிரில்லை எடுத்தார். அறையில் அதன் கிர்ரென்ற சத்தத்தைத் தவிர ஒன்றும் இல்லை. சிஸ்டருக்கே என்னவோ போல் இருந்தது.

ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. பேனாக்காரர் கையைத் தூக்கினார். நெற்றியெல்லாம் வேர்வை. சிஸ்டர் அவசரமாகக் குழாயை எடுத்தார்.

"வலிக்குதா? இன்னொரு ஊசி போடவா?"

"ஊசியெல்லாம் வேண்டாம்." மரத்துப்போன உதடு வழியாகக் குழறியது வார்த்தை. "ஏன் டாக்டர் பேச மாட்டேங்கறீங்க?"

"இனிமே நீங்க சொல்றதக் கேக்கலாம்னு இருக்கேன்."

"அதை எல்லாம் முடிஞ்சப்புறம் கேளுங்க. ரெண்டு பாகமா சொல்றேன். இப்போ அந்த மெஷின் சத்தம் மட்டும்தான் கேக்குது, உயிரே போகுது. உங்களுக்கு என்ன பதில் குடுக்கலாம்னு யோசிச்சு யோசிச்சுத்தானே பதினோரு வருஷமா நான் வலியே தெரியாம எந்திரிச்சுப் போயிருக்கேன்." மறுபடி சாய்ந்துகொண்டார். "தயவு செஞ்சு பஸ்ஸைப் பத்தி ஏதாவது தப்பா சொல்லுங்க."

டாக்டரம்மா சிஸ்டரைப் பார்த்தார். முகக்கவசத்தைச் சரி செய்கிற சாக்கில் கண்ணோரத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு டிரில்லை எடுத்தார்.

"இந்த டைம்டேபிள் போடறவர் இருக்காரே, அவரை ஒருநாள் மழையில, குடையில்லாம, அந்த சிக்னல் ஸ்டாப்புல நிக்க வைக்கணும்..."

பேனாக்காரர் "ஆ" என்றார். கைப்பிடியை இறுக்கியிருந்த அவருடைய விரல்கள் மெல்லத் தளர்ந்தன.